மருந்துக் கடைக் கவுண்டருக்குப் பின்னால் நிற்கும் தகுதி: டி.பார்ம் முதல் பதிவு எண் வரை

பிளஸ் டூ முடிவுகள் வெளியாகும் வாரத்தில் பஸ் நிலையச் சுவர்களில் புதிய சுவரொட்டிகள் முளைத்துவிடும். ‘பார்மசி டெக்னீசியன்’, ‘பார்மசி அசிஸ்டென்ட்’, ‘ஆறே மாதத்தில் மருத்துவமனை வேலை’ என்று கொட்டை எழுத்துகளில் இருக்கும். இவற்றை நம்பிப் பணம் கட்டுவதற்கு முன் ஒன்றைத் தெரிந்துகொள்ளுங்கள். பிரிட்டனில் பார்மசி டெக்னீசியனுக்கென்று தனிப் பதிவேடு உண்டு; அமெரிக்காவில் தனித் தேர்வும் சான்றும் உண்டு. இந்தியாவில் இரண்டும் கிடையாது. 1948-ஆம் ஆண்டின் பார்மசி சட்டம் ஒரே ஒரு தரப்பினரைத்தான் அங்கீகரிக்கிறது: மாநில பார்மசி கவுன்சிலின் பதிவேட்டில் பெயர் ஏறிய மருந்தாளுநர். மருத்துவர் எழுதிய சீட்டைப் பார்த்து மருந்து எடுத்துக் கொடுக்கும் உரிமையை அந்தச் சட்டத்தின் 42-ஆவது பிரிவு அவருக்கு மட்டும்தான் தருகிறது. மற்றவர் கொடுத்தால் அது தண்டனைக்குரிய குற்றம்.

பதிவேட்டில் ஏறுவதற்கான குறைந்தபட்சப் படிப்பு டி.பார்ம் எனப்படும் மருந்தியல் பட்டயம். ஆறு மாத, ஓராண்டுச் சான்றிதழ் படிப்புகளை வீண் என்று சொல்லவில்லை. பில் போடவும், ராக்கில் மருந்து அடுக்கவும், ஸ்டாக்கிஸ்டிடம் ஆர்டர் கொடுக்கவும் அவை சொல்லித் தரும். ஆனால் அந்தச் சான்றிதழோடு கவுன்சிலுக்குப் போனால் வாசலோடு திரும்ப வேண்டியதுதான். அதை வாங்கியவர் எத்தனை ஆண்டு அனுபவம் பெற்றாலும் உதவியாளராகவே இருப்பார். முன்பு கம்பவுண்டர்கள் அனுபவத்தை வைத்தே பதிவேட்டில் ஏறிய காலம் ஒன்று இருந்தது. கிராமங்களில் பெரியவர்கள் இன்னும் மருந்தாளுநரைக் கம்பவுண்டர் என்றுதான் கூப்பிடுகிறார்கள். அந்த வழி எப்போதோ அடைபட்டுவிட்டது.

ஆகவே இந்த வழிகாட்டி டி.பார்ம் பற்றியது. தமிழ்நாட்டில் படிக்கப்போகும் ஒருவரை மனத்தில் வைத்து எழுதுகிறேன்.

யார் சேரலாம், எப்படி விண்ணப்பிப்பது

பிளஸ் டூவில் இயற்பியலும் வேதியியலும் கட்டாயம். மூன்றாவது பாடமாக உயிரியல் அல்லது கணிதம் இருந்தால் போதும். கணினி அறிவியலோடு கணிதம் எடுத்தவர்கள் ‘நமக்கு உயிரியல் இல்லையே’ என்று ஒதுங்கிவிடுகிறார்கள், ஒதுங்க வேண்டியதில்லை. வணிகவியல் பிரிவில் படித்தவர்களுக்கு இதில் வழி இல்லை. நீட் தேர்வும் தேவையில்லை.

அரசு இடங்களுக்கான சேர்க்கையை மருத்துவக் கல்வி இயக்ககத்தின் கீழ் இயங்கும், சென்னை கீழ்ப்பாக்கத்தில் உள்ள தேர்வுக் குழு நடத்துகிறது. சென்னை மருத்துவக் கல்லூரி, மதுரை மருத்துவக் கல்லூரி ஆகியவற்றோடு இணைந்த பார்மசி கல்லூரிகள் இதில் முக்கியமானவை. பிளஸ் டூ மதிப்பெண் அடிப்படையில் தரவரிசை, மாநிலத்தின் 69 சதவீத இட ஒதுக்கீடு, பிறகு கலந்தாய்வு என்று போகும். பலர் கவனிக்காமல் விடும் செய்தி ஒன்று உண்டு. டி.பார்ம் அறிவிப்பு பொறியியல் அறிவிப்பைப் போலப் பெரிய விளம்பரத்தோடு வருவதில்லை. துணை மருத்துவப் படிப்புகளுக்கான அறிவிப்புகளை ஒட்டி ஓசையில்லாமல் வந்து போய்விடும். தேர்வுக் குழுவின் இணையதளத்தை வாரம் ஒருமுறையாவது திறந்து பார்க்கும் பழக்கம் வேண்டும். அரசு இடத்தின் கட்டணம் தனியார் கட்டணத்தோடு ஒப்பிட முடியாத அளவுக்குக் குறைவு. அரசு இடம் கிடைக்க வாய்ப்புள்ள மதிப்பெண் இருந்தும், அவசரப்பட்டு ஜூன் மாதமே தனியார் கல்லூரியில் முன்பணம் கட்டிவிட்டுத் தவிக்கும் குடும்பங்களை ஆண்டுதோறும் பார்க்கலாம்.

சாதிச் சான்றிதழ், இருப்பிடச் சான்றிதழ், முதல் பட்டதாரி என்றால் அதற்கான சான்றிதழ் ஆகியவற்றை இ-சேவை மையத்தில் முன்கூட்டியே வாங்கி வைத்துவிடுங்கள். கலந்தாய்வு நாளில் அவற்றுக்காக ஓட முடியாது.

கல்லூரியைச் சரிபார்ப்பது

இந்தியப் பார்மசி கவுன்சில் 2019-இல் புதிய கல்லூரிகளுக்குத் தடை விதித்தது. அந்தத் தடை உயர் நீதிமன்றங்களில் ரத்தாகி, 2022 செப்டம்பரில் உச்ச நீதிமன்றமும் அந்த ரத்தை உறுதிசெய்தது. அதன்பின் நாடு முழுவதும் கல்லூரிகள் மளமளவென்று பெருகின. நல்லவையும் உண்டு, பலகை மட்டும் மாட்டியவையும் உண்டு.

முதலில் பார்மசி கவுன்சிலின் இணையதளத்தில், சட்டத்தின் 12-ஆவது பிரிவின்கீழ் ஒப்புதல் பெற்ற கல்லூரிகளின் பட்டியலில் பெயர் இருக்கிறதா என்று பாருங்கள். பெயர் இருந்தால் மட்டும் போதாது. நீங்கள் சேரும் கல்வியாண்டுக்கு ஒப்புதல் இருக்கிறதா, டி.பார்முக்கு இருக்கிறதா, எத்தனை இடங்களுக்கு இருக்கிறது என்று மூன்றையும் பார்க்க வேண்டும். பட்டப் படிப்பான பி.பார்முக்கு ஒப்புதல் பெற்ற கல்லூரி டி.பார்முக்கும் பெற்றிருக்கும் என்று கொள்ளக் கூடாது. ஒப்புதல் இல்லாத படிப்பை முடித்தவருக்குப் பதிவு கிடைக்காது. ‘ஒப்புதல் வந்துகொண்டிருக்கிறது’ என்று அலுவலகத்தில் சொன்னால் எழுந்து வந்துவிடுங்கள்.

அடுத்தது, வலைத்தளத்தில் கிடைக்காத தகவல். இரண்டு மூன்று ஆண்டுகளுக்கு முன் அங்கே படித்து முடித்த யாரையாவது தேடிப் பிடித்து, ‘பதிவு எண் வாங்கிவிட்டீர்களா, எத்தனை நாள் ஆனது’ என்று கேளுங்கள். கல்லூரியைப் பற்றிய பத்துக் கேள்விகளுக்கான பதில் அந்த ஒரே கேள்வியில் வந்துவிடும்.

தொலைநிலைக் கல்வியில் டி.பார்ம் இல்லை. ‘வர வேண்டாம், தேர்வுக்கு மட்டும் வந்தால் போதும்’ என்று வெளிமாநிலக் கல்லூரிகளுக்கு ஆள் பிடிக்கும் ஏஜென்டுகள் தமிழ்நாட்டில் நிறைய உண்டு. விதிப்படி எழுத்துப் பாடங்களிலும் செய்முறையிலும் தனித்தனியே 75 சதவீத வருகை இருக்க வேண்டும். வேலூரில் கடையில் வேலை பார்த்துக்கொண்டே வடமாநிலத்துக் கல்லூரி ஒன்றில் 75 சதவீத வருகை எப்படி வந்தது என்று கவுன்சில் பின்னாளில் கேட்டால் ஏஜென்டின் கைபேசி அணைக்கப்பட்டிருக்கும்.

இரண்டு ஆண்டுகள், 11 பாடங்கள்

நீண்ட காலம் 1991-ஆம் ஆண்டின் கல்வி ஒழுங்குமுறைதான் நடைமுறையில் இருந்தது. 2020-இல் அது மாற்றி எழுதப்பட்டது. இப்போது முதலாண்டில் ஐந்து பாடங்கள்: மருந்தாக்கவியல், மருந்து வேதியியல், மூலிகை முதலான இயற்கை மூலப்பொருள்களைப் பற்றிய பார்மகாக்னசி, உடற்கூறியலும் உடலியங்கியலும், சமூக மருந்தியல். இரண்டாம் ஆண்டில் ஆறு: மருந்து உடலில் வேலை செய்யும் விதத்தைச் சொல்லும் பார்மகாலஜி, சமுதாய மருந்தகமும் நிர்வாகமும், உயிர்வேதியியலும் மருத்துவ நோய்க்குறியியலும், மருந்துச் சிகிச்சையியல், மருத்துவமனை மருந்தியல், சட்டமும் நெறிமுறையும். ஒவ்வோர் ஆண்டும் குறைந்தது 180 வேலை நாள்கள். தேர்ச்சிக்கு எழுத்திலும் செய்முறையிலும் தனித்தனியே 40 சதவீதம்.

பழைய பாடத்திட்டத்தில் படித்தவர்களுக்கு இந்தப் பட்டியலைப் பார்த்தால் கொஞ்சம் பொறாமை வரும். மருந்தைத் தயாரிப்பதிலிருந்து நோயாளியிடம் பேசுவதை நோக்கிப் பாடத்திட்டம் நகர்ந்திருக்கிறது. மருந்துச் சிகிச்சையியல் அப்போது தனிப் பாடமாக இல்லை.

பயிற்று மொழி ஆங்கிலம். தமிழ்வழியில் படித்து வந்தவர்களுக்கு முதல் மூன்று மாதங்கள் கண்ணைக் கட்டிக் காட்டில் விட்டதுபோல இருக்கும். பயப்பட ஒன்றுமில்லை. உடற்கூறியல் புத்தகத்தைத் தமிழில் ஒருமுறை வாசித்துவிட்டு ஆங்கிலத்தில் வாசியுங்கள். பத்தாம் வகுப்பு அறிவியலிலேயே பாதி விஷயம் இருக்கிறது.

மருந்துப் பெயர்களை மனப்பாடம் செய்யாதீர்கள். வால் பிடித்துப் படியுங்கள். ‘-ஒலால்’ என்று முடிந்தால் பெரும்பாலும் இதயத் துடிப்பைக் கட்டுப்படுத்தும் பீட்டா தடுப்பான்: அட்டெனலால், மெட்டோப்ரோலால். ‘-சார்டன்’ ரத்த அழுத்தத்துக்கு: லோசார்டன், டெல்மிசார்டன். ‘-பிரில்’ என்றாலும் அதற்கே: எனலாபிரில், ராமிபிரில். ‘-ஸ்டாட்டின்’ கொழுப்புக்கு. ‘-ப்ரசோல்’ வயிற்று அமிலத்துக்கு: ஒமெப்ரசோல், பான்டோப்ரசோல். ஆனால் அரிபிப்ரசோல் மனநோய்க்கான மருந்து. வால் ஏமாற்றும் இப்படிப்பட்ட இடங்களைத் தனி நோட்டில் எழுதி வையுங்கள். தேர்விலும் கேட்பார்கள், கவுண்டரிலும் வரும்.

கணக்கில் பலவீனமானவர்கள் முதலாண்டிலேயே அதைச் சரிசெய்துகொள்ள வேண்டும். மற்றப் பாடங்களில் மறந்ததைப் புத்தகம் பார்த்துச் சரிசெய்துகொள்ளலாம். கவுண்டரில் கணக்கு தவறினால் திருத்த நேரம் இருக்காது.

500 மணி நேரம்

என்னைக் கேட்டால் டி.பார்மின் உயிர் இங்கேதான் இருக்கிறது. இரண்டாம் ஆண்டுத் தேர்வுக்குப் பின், மூன்று மாதங்களுக்குக் குறையாமல் 500 மணி நேரம் மருத்துவமனையிலோ உரிமம் பெற்ற மருந்தகத்திலோ பயிற்சி எடுக்க வேண்டும். அதில் 250 மணி நேரமாவது சீட்டைப் பார்த்து மருந்து கொடுப்பதில் கழிய வேண்டும். பயிற்சி தரும் இடத்தில் பதிவுபெற்ற மருந்தாளுநர் இருக்க வேண்டும். ஒரு மருந்தாளுநரிடம் இரண்டு மாணவர்களுக்கு மேல் சேரக் கூடாது. தொடங்கும்போதே ஒப்பந்தப் படிவத்தை நிரப்பிக் கல்லூரியில் கொடுக்க வேண்டும். முடிந்த பிறகு தேதி போட்டு நிரப்பலாம் என்று விட்டால் பதிவின்போது சிக்கல்.

தெரிந்த கடைக்காரரிடம் கையெழுத்து வாங்கிக்கொண்டு மூன்று மாதம் வீட்டில் இருந்தவர்கள் ஏராளம். அவர்களுக்கும் பதிவு எண் கிடைத்துவிடுகிறது என்பதும் உண்மைதான். முதல் வேலையில் முதல் நாள் என்ன ஆகிறது என்பதை மட்டும் சொல்கிறேன்.

ஒரு தாய் வருகிறார். குழந்தைக்குக் காய்ச்சல், எடை 12 கிலோ. மருத்துவர் பாராசிட்டமால் சிரப் எழுதியிருக்கிறார். கிலோவுக்கு 15 மி.கி. என்றால் ஒரு வேளைக்கு 180 மி.கி. ராக்கில் மூன்று வகை இருக்கிறது. 5 மி.லி.யில் 120 மி.கி. உள்ள சிரப் என்றால் 7.5 மி.லி. கொடுக்க வேண்டும். 5 மி.லி.யில் 250 மி.கி. உள்ளது என்றால் 3.6 மி.லி. ஒரே மி.லி.யில் 100 மி.கி. உள்ள சொட்டு மருந்து என்றால் 1.8 மி.லி. மூன்று பாட்டில்களிலும் பெரிய எழுத்தில் இருப்பது அதே நிறுவனப் பெயர்தான். போன முறை வாங்கிய 120 பாட்டில் தீர்ந்துபோய், இந்த முறை 250 பாட்டிலை எடுத்துக் கொடுத்து, ‘எப்போதும்போலக் கொடுங்கள்’ என்று சொல்லிவிட்டால் குழந்தைக்கு 375 மி.கி. போகும். சொட்டு மருந்தில் அதே 7.5 மி.லி. போனால் 750 மி.கி., நான்கு மடங்குக்கு மேல். சீட்டில் பெயர் மட்டும் எழுதி அடர்த்தியை எழுதாத மருத்துவரைக் கைபேசியில் அழைத்துக் கேட்கும் துணிவு பயிற்சிக் காலத்தில்தான் வர வேண்டும். மருத்துவர் சில நேரம் எரிந்து விழுவார். விழட்டும்.

இன்சுலினும் அப்படித்தான். நம் நாட்டில் குப்பியில் வரும் இன்சுலினில் பெரும்பாலானது மி.லி.க்கு 40 யூனிட்; பேனாவுக்கான கார்ட்ரிட்ஜ் மி.லி.க்கு 100 யூனிட். 40-க்கான சிரிஞ்சுக்குச் சிவப்பு மூடி, 100-க்கானதற்கு ஆரஞ்சு மூடி. 40 யூனிட் குப்பிக்கு ஆரஞ்சு மூடி சிரிஞ்சைக் கொடுத்துவிட்டால், நோயாளி 20 என்ற கோட்டுவரை எடுத்தாலும் உள்ளே போவது எட்டு யூனிட்தான், சர்க்கரை இறங்காது. மாறாக, 100 யூனிட் மருந்துக்குச் சிவப்பு மூடியைக் கொடுத்தால் 20-இல் 50 யூனிட் போய்விடும், உயிருக்கே ஆபத்து. மருந்தையும் சிரிஞ்சையும் ஒன்றாக மேசையில் வைத்து இரண்டிலும் உள்ள எண்ணை வாய்விட்டுப் படித்துவிட்டுப் பையில் போடும் பழக்கம் வேண்டும். இதைப் புத்தகத்தில் ஒரு வரியாகப் படித்தவருக்கும், கடையில் ஐம்பது முறை செய்தவருக்கும் வித்தியாசம் இருக்கும்.

மூட்டுவாதத்துக்கும் சொரியாசிசுக்கும் எழுதும் மெத்தோட்ரெக்சேட் மாத்திரை வாரத்துக்கு ஒரு நாள் மட்டும் சாப்பிட வேண்டியது. பழக்க தோஷத்தில் ‘தினமும் ஒன்று’ என்று சொல்லிவிட்டால் சில நாள்களில் வாயெல்லாம் புண்ணாகி, ரத்த அணுக்கள் குறைந்து நோயாளி தீவிர சிகிச்சைப் பிரிவுக்குப் போவார். நல்ல மருந்தாளுநர் அந்த அட்டையின் மேல் ‘வாரம் ஒருமுறை’ என்று எழுதுவதோடு நிற்க மாட்டார். என்றைக்குச் சாப்பிடுவீர்கள் என்று கேட்டு, ‘ஞாயிறு மட்டும்’ என்று கிழமையையும் எழுதிக் கொடுப்பார். கூடவே வரும் ஃபோலிக் அமில மாத்திரை எந்த நாளுக்கு என்றும் பிரித்து எழுதுவார். இரண்டும் சின்ன மஞ்சள் மாத்திரையாக இருந்தால் குழப்பம் நிச்சயம்.

பயிற்சிக்கு எந்த இடம் நல்லது? கூட்டம் உள்ள அரசு மருத்துவமனை மருந்தகத்தில் வேகம் வரும்; ஆனால் அங்கே மருந்து வகைகள் அளவானவை, நோயாளியிடம் பேச நேரம் குறைவு. நடுத்தரமான தனியார் மருத்துவமனையில் வார்டு மருந்து, அறுவை அரங்கப் பொருள்கள், குளிர்பதன மருந்துகள் எல்லாம் கைக்கு வரும். தெருமுனை மருந்துக் கடையில் கொள்முதல், காலாவதி மருந்தைத் திருப்பி அனுப்புவது, கடன் வாடிக்கையாளர் என்று வியாபாரத்தின் நெளிவுசுளிவு தெரியும். முடிந்தால் நேரத்தை இரண்டு இடங்களாகப் பிரித்துக்கொள்ளுங்கள். என் சார்பு மருத்துவமனை பக்கம்தான்.

எங்கே இருந்தாலும் இவற்றை உங்கள் கையால் செய்யாமல் வெளியே வராதீர்கள். ‘எச்1’ என்ற அட்டவணையில் உள்ள மருந்துகளுக்கான பதிவேட்டை எழுதுவது அதில் முதலாவது. பல ஆன்டிபயாடிக்குகள், காசநோய் மருந்துகள், பழக்கத்துக்கு அடிமையாக்கும் சில மருந்துகள் 2014 மார்ச் 1 முதல் இந்த அட்டவணையில் இருக்கின்றன. எழுதிய மருத்துவர், நோயாளி, மருந்து, அளவு ஆகியவற்றைத் தனிப் பதிவேட்டில் எழுதி மூன்று ஆண்டு வைத்திருக்க வேண்டும். இன்னும் கடுமையான கட்டுப்பாடு உள்ள அட்டவணை எக்ஸ் மருந்து என்றால் சீட்டு இரண்டு பிரதிகள். ஒன்று கடையிலேயே இரண்டு ஆண்டு இருக்கும். அடுத்து, குளிர்பெட்டியின் வெப்பநிலையை 2 முதல் 8 டிகிரிக்குள் பார்த்துக் குறிப்பது. அப்புறம், வந்த சரக்கை பில்லோடு வைத்து பேட்ச் எண் சரிபார்ப்பது. இது குமாஸ்தா வேலை என்று பலர் அலுத்துக்கொள்வார்கள். 2025 அக்டோபரில் மத்தியப் பிரதேசத்தின் சிந்த்வாராவில் குழந்தைகள் இறந்தபோது, காஞ்சிபுரம் மாவட்டத்தில் தயாரான கோல்ட்ரிஃப் இருமல் சிரப்பின் எஸ்ஆர்-13 என்ற பேட்ச்சில் 48.6 சதவீதம் டைஎத்திலீன் கிளைக்கால் என்ற நச்சு ரசாயனம் இருந்தது தெரியவந்தது. அப்படியொரு அறிவிப்பு வரும் நாளில், அந்த பேட்ச் தன் கடைக்கு வந்ததா, வந்திருந்தால் எத்தனை பாட்டில் போயிற்று என்று ஐந்து நிமிடத்தில் சொல்ல முடிந்தவர்தான் மருந்தாளுநர்.

எக்சிட் தேர்வு

இந்தியப் பார்மசி கவுன்சில் 2022 பிப்ரவரியில் டி.பார்ம் எக்சிட் தேர்வு ஒழுங்குமுறையை வெளியிட்டது. படிப்பும் பயிற்சியும் முடித்தவர் பதிவு பெறுவதற்கு முன் எழுத வேண்டிய தேர்வு இது. மூன்று தாள்கள், ஒவ்வொன்றும் மூன்று மணி நேரம், சரியான விடையைத் தேர்ந்தெடுக்கும் வகை. முதல் தாளில் மருந்தாக்கவியல், பார்மகாலஜி, பார்மகாக்னசி. இரண்டாவதில் மருந்து வேதியியல், உயிர்வேதியியல், மருத்துவமனை மருந்தியல். மூன்றாவதில் சட்டமும் மருந்துக் கடை நிர்வாகமும். ஒவ்வொரு தாளிலும் 50 சதவீதம் வேண்டும். மூன்றையும் ஒரே முயற்சியில் தாண்ட வேண்டும். எத்தனை முறை வேண்டுமானாலும் எழுதலாம். மொழி ஆங்கிலம்.

கல்லூரித் தேர்வுக்கு 40, இதற்கு 50 என்பதை இரண்டாம் ஆண்டுத் தொடக்கத்திலேயே மனத்தில் வையுங்கள். மூன்றாவது தாளை எளிது என்று விட்டவர்கள்தான் அதிகம் தடுமாறுவார்கள். சட்டப் பிரிவு எண்களும் படிவ எண்களும் கதையாக எழுதித் தப்பிக்க முடியாதவை. இந்தத் தேர்வு யாருக்குப் பொருந்தும், எப்போது நடக்கும் என்பதில் அறிவிப்புகள் மாறி வருவதால், உங்கள் சேர்க்கை ஆண்டைச் சொல்லி மாநில கவுன்சிலில் நேரடியாகக் கேட்டு உறுதிசெய்துகொள்ளுங்கள். கல்லூரி அலுவலகம் சொல்வதை மட்டும் நம்பி இருக்க வேண்டாம்.

பதிவு

விண்ணப்பிக்க வேண்டியது தமிழ்நாடு பார்மசி கவுன்சிலில். பத்தாம் வகுப்பு, பிளஸ் டூ மதிப்பெண் பட்டியல்கள், டி.பார்ம் மதிப்பெண் பட்டியல்கள், பட்டயச் சான்றிதழ், 500 மணி நேரப் பயிற்சிச் சான்றிதழ், ஆதார், புகைப்படம் ஆகியவை கையில் இருக்க வேண்டும். வெளிமாநிலத்தில் படித்தவர்களின் சான்றிதழை அந்தத் தேர்வு வாரியத்துக்கு எழுதி உண்மைத்தன்மை சரிபார்ப்பார்கள், மாதக்கணக்கில் ஆகலாம். அந்த நாள்களில் ‘விண்ணப்பித்துவிட்டேன்’ என்ற ரசீதை வைத்துக்கொண்டு மருந்து கொடுக்க முடியாது.

பதிவு எண் வந்ததும் வேலை முடிந்துவிடவில்லை. உரிய காலத்தில் கட்டணம் கட்டிப் புதுப்பிக்காவிட்டால் பெயரைப் பதிவேட்டிலிருந்து நீக்கிவிடுவார்கள். 2015-ஆம் ஆண்டின் பார்மசி பணி ஒழுங்குமுறை, வெள்ளை மேலங்கியில் பெயரும் பதிவு எண்ணும் உள்ள பட்டையை அணிய வேண்டும் என்கிறது. ஐந்து ஆண்டுகளுக்குள் இரண்டு புத்தாக்கப் பயிற்சிகளுக்கும் போக வேண்டும். பயிற்சிச் சான்றிதழை உறையில் போட்டு வையுங்கள். புதுப்பிக்கும்போது தேட வேண்டியிருக்காது.

வேலை, கடை, வாடகை

தனியார் மருந்துக் கடைகளில் தொடக்கச் சம்பளம் சொல்லிக்கொள்ளும்படி இருக்காது. நாள் முழுவதும் நின்றுகொண்டே செய்யும் வேலை. மருத்துவமனைகளிலும் பெரிய சங்கிலித் தொடர் கடைகளிலும் கொஞ்சம் மேல். பிஎஃப், ஈஎஸ்ஐ பிடித்தம் இருக்கும்.

அரசு வேலை என்றால் 2012-இல் தொடங்கப்பட்ட மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியம். மருந்தாளுநர் பணியிடத்துக்கு டி.பார்மும் தமிழ்நாட்டுப் பதிவும் தகுதி. ஊதிய விகிதம் ரூ.35,400-இல் தொடங்குகிறது. பாடத் தேர்வோடு பத்தாம் வகுப்புத் தரத்தில் தமிழ்த் தகுதித் தேர்வும் உண்டு; அதில் 40 சதவீதம் வராவிட்டால் மற்ற விடைத்தாளைத் திருத்தவே மாட்டார்கள். அறிவிப்பு ஆண்டுதோறும் வருவதில்லை. வரும்போது பதிவு எண் கையில் இல்லாமல் விண்ணப்பிக்க முடியாமல் போனவர்கள் அடுத்த அறிவிப்புக்குக் காத்திருக்க வேண்டியதுதான். ஆகவே படிப்பு முடிந்த கையோடு பதிவை முடித்துவிடுங்கள். ரயில்வே, ஈஎஸ்ஐ மருத்துவமனைகள், எய்ம்ஸ் ஆகியவையும் தனித்தனியே ஆள் எடுக்கின்றன.

சொந்தக் கடை வைக்க நினைப்பவர்கள் மருந்துக் கட்டுப்பாட்டுத் துறையின் மண்டல உதவி இயக்குநரிடம் விண்ணப்பிக்க வேண்டும். சில்லறை விற்பனைக்குப் படிவம் 20, 21 உரிமங்கள். கடை குறைந்தது 10 சதுர மீட்டர். சில்லறையும் மொத்த விற்பனையும் சேர்த்து என்றால் 15 சதுர மீட்டர். வாடகை ஒப்பந்தம், கடையின் வரைபடம், குளிர்பெட்டி வாங்கிய பில் எல்லாம் தயாராக இருந்தால்தான் மருந்து ஆய்வாளர் வந்து பார்க்கும் நாள் வீணாகாது. 2025 பிப்ரவரி 24 அன்று மாநில அரசு ‘முதல்வர் மருந்தகம்’ திட்டத்தில் 1,000 கடைகளைத் திறந்தது. டி.பார்ம், பி.பார்ம் முடித்த தொழில்முனைவோருக்கு அதில் ரூ.3 லட்சம் மானியம் அறிவிக்கப்பட்டது. மத்திய அரசின் மக்கள் மருந்தகத் திட்டமும் இருக்கிறது. இரண்டிலும் முக்கியமாக மூலப்பெயர் (ஜெனரிக்) மருந்துகள்தான் விற்பனை. மருத்துவர் நிறுவனப் பெயரை எழுதியிருக்க, ‘இதுவும் அதே மருந்துதான்’ என்று நோயாளிக்கு விளக்கத் தெரிந்தால்தான் அங்கே வியாபாரம் நடக்கும்.

இனி, யாரும் எழுத்தில் சொல்லாத ஒன்று. பதிவு எண் வந்த சில நாள்களில் யாராவது அழைப்பார்கள். ‘நீங்கள் வர வேண்டாம், சர்டிஃபிகேட்டை மட்டும் கொடுங்கள், மாதம் இவ்வளவு தருகிறோம்’ என்பார்கள். சர்டிஃபிகேட் வாடகை என்பது இந்தத் தொழிலின் பழைய சீக்கு. அந்தக் கடையில் யாரோ ஒரு பையன் எக்ஸ் அட்டவணை மருந்தைச் சீட்டில்லாமல் விற்றால் சுவரில் மாட்டியிருக்கும் பெயர் உங்களுடையது. பதிவு ரத்தாகும், வழக்கு வந்தால் நீங்கள்தான் நிற்க வேண்டும். அரசு வேலைக்குப் போகும் நாளில் ‘இவர் பெயர் இன்னொரு கடை உரிமத்தில் இருக்கிறதே’ என்று கிளம்பும். அந்த வாடகைப் பணத்தால்தான் ஊர் முழுக்க மருந்தாளுநர் சம்பளம் ஏறாமல் கிடக்கிறது என்பது என் கருத்து; ஆள் வேண்டாம், காகிதம் போதும் என்றால் ஆளுக்கு யார் சம்பளம் கொடுப்பார்கள்?

நேர்மையாக வேலை பார்த்த கடையை விட்டு விலகும்போதும் கவனம் வேண்டும். முதலாளியிடம் சொல்லிவிட்டு வந்தால் போதாது. இன்ன தேதியோடு விலகினேன் என்று மருந்துக் கட்டுப்பாட்டு அலுவலகத்துக்கு எழுதிக் கொடுத்து, ஒப்புகை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

மேலே படிக்க, வெளிநாடு போக

டி.பார்ம் முடித்தவர் பி.பார்மில் நேரடியாக இரண்டாம் ஆண்டில் சேரலாம். தமிழ்நாட்டில் அது பெரும்பாலும் டாக்டர் எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழகத்தின் கீழ் வரும். மருந்து உற்பத்தி, தரக் கட்டுப்பாடு, மருந்து ஆய்வாளர் பணி என்று கண் வைத்திருப்பவர்களுக்கு டி.பார்ம் போதாது, பி.பார்ம் கட்டாயம். கவுண்டர் வேலையே பிடித்திருக்கிறது என்பவர் வெறும் பெயருக்காக மூன்று ஆண்டு செலவிட வேண்டியதில்லை. ஆறாண்டு பார்ம்.டி படிப்புக்கும் டி.பார்ம் ஒரு நுழைவுத் தகுதி.

வளைகுடா நாடுகளில் பட்டயம் படித்தவர்களைப் பட்டதாரி மருந்தாளுநருக்கு அடுத்த நிலையில், பார்மசி டெக்னீசியன் போன்ற பணிப் பெயர்களில்தான் சேர்ப்பார்கள். சான்றிதழ்களை டேட்டாஃப்ளோ என்ற நிறுவனம் மூலம் சரிபார்த்து, அந்தந்த நாட்டுச் சுகாதாரத் துறையின் கணினித் தேர்வையும் எழுத வேண்டும். பதிவுக்குப் பிந்தைய பணி அனுபவத்தையும் கேட்பார்கள். சர்டிஃபிகேட் வாடகைக்கு விட்டவர்களின் ‘அனுபவம்’ இந்தச் சரிபார்ப்பில்தான் அம்பலமாகும். சம்பளம் வங்கிக் கணக்கில் வந்ததற்கான பதிவு, பணி நியமனக் கடிதம், விலகல் கடிதம் மூன்றும் இருந்தால் கவலையில்லை.

நம்மவர்களுக்கே உரிய ஒரு தொல்லை பெயரில் இருக்கிறது. பள்ளிச் சான்றிதழில் முன்னெழுத்தாக இருக்கும் அப்பா பெயர், பாஸ்போர்ட்டில் முழுதாக விரிந்து குடும்பப் பெயராக நிற்கும்; டி.பார்ம் சான்றிதழில் முன்னெழுத்து பெயருக்குப் பின்னால் போயிருக்கும். கவுன்சில் பதிவில் ஓர் எழுத்து கூடியிருக்கும். நான்கையும் வைத்துப் பார்க்கிற வெளிநாட்டு அதிகாரிக்கு அவர்கள் நான்கு பேர். முதலாண்டுச் சேர்க்கைப் படிவத்தை நிரப்பும் அன்றே பத்தாம் வகுப்புச் சான்றிதழைப் பக்கத்தில் வைத்து எழுத்துக்கு எழுத்து அப்படியே எழுதுங்கள். பாஸ்போர்ட் எடுக்கும்போதும் அதையே பின்பற்றுங்கள். ஏற்கெனவே மாறியிருந்தால் அரசிதழில் பெயர் மாற்றம் வெளியிடுவதற்குச் சென்னையில் எழுதுபொருள் அச்சுத் துறைக்கு விண்ணப்பித்து, அந்தப் பிரதியோடு கவுன்சில் பதிவையும் திருத்தி வாங்கிய பிறகு டேட்டாஃப்ளோவுக்குப் பணம் கட்டுங்கள்.